நடந்ததை நடந்தபடி

"ஒரு லட்சம் பேர் மாண்டனர்" என்று பத்திரிகையில் ஒரு வரி வருகிறது. படிக்கிறோம். "அடடா!" என்கிறோம். தேநீர் ஆறிவிடுமே என்று கிளாசைக் கையில் எடுக்கிறோம். அவ்வளவுதான்! அதே பத்திரிகையின் அடுத்த பக்கத்தில், கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையை மீட்க ஊரே கூடிப் பாடுபடுகிறது என்று ஒரு செய்தி. குழந்தையின் பெயர் இருக்கிறது. என்ன சட்டை போட்டிருந்தது என்று இருக்கிறது. விழுவதற்கு முன் தாயிடம் என்ன கேட்டது என்று இருக்கிறது. அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிப்பதில்லை.

லட்சம் பெரிதா, ஒன்று பெரிதா என்று கணக்கு வாத்தியாரைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் மனித நெஞ்சம் கணக்கு வாத்தியாரிடம் பாடம் கேட்டதல்லவே, தோழர்களே! அது பாட்டியின் மடியில் கிடந்து கதை கேட்டது. பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும். எண்ணிக்கை சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும்.

கட்டுக்கதை எழுதுவோரைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. ராஜகுமாரியும் வேண்டாம், மாயக் குதிரையும் வேண்டாம். நடந்ததை எழுதுவோர் சிலர் இருக்கிறார்கள். கண்டதை, கேட்டதை, விசாரித்து அறிந்ததை எழுதுவோர். அப்படி எழுதிய சிலர், தாம் எப்படி எழுதினோம், ஏன் அப்படி எழுதினோம் என்று தாமே சொல்லியிருக்கிறார்கள். ஆலை வாயிலிலும் தெருமுனையிலும் நின்று பேச வேண்டிய நாம் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏனெனில், நம் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பாதி புள்ளிவிவரம்; மீதி அடைமொழி. மனிதன் எங்கே?

1945 ஆகஸ்டு 6ஆம் நாள், காலை 8.15 மணி. ஹிரோஷிமா நகரத்தின் மீது அமெரிக்க விமானம் அணுகுண்டை வீசியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்திருப்பர் என்பது மதிப்பீடு. உலகம் எதைப் பார்த்தது? குடை விரித்தாற்போல் எழுந்த புகையைப் பார்த்தது. புகை எவ்வளவு உயரம், குண்டு எத்தனை டன் வெடிமருந்துக்குச் சமம், எத்தனை சதுர மைல் நாசம் என்று கணக்குக் கேட்டது. அந்தக் குடைக்குக் கீழே நின்ற மனிதனைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. வில்ஃப்ரெட் பர்செட் என்ற ஆஸ்திரேலிய நிருபர் தன்னந்தனியாக ரயிலேறிப் போனார். உடம்பில் காயமே படாதவர்களும் இன்னதென்று தெரியாத நோயால் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' ஏட்டில் 1945 செப்டம்பர் 5ஆம் நாள் எழுதினார். ராணுவ அதிகாரிகள் மறுத்தனர். அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் க்ரோவ்ஸ், அந்த நவம்பரில் செனட் குழுவின் முன் அமர்ந்து, கதிர்வீச்சால் வரும் சாவு அவதியில்லாத சாவு என்று டாக்டர்கள் தமக்குச் சொன்னதாகக் கூறினார். அவதியில்லாத சாவாம்! செத்தவனா எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறான்?

இதைக் கவனிக்க வேண்டும், தோழர்களே. ஆள்பவர்களுக்குக் கதையின் வலிமை தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். நமக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். நாம் புள்ளிவிவரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் தங்கள் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம் ஜான் ஹெர்சி ஹிரோஷிமாவுக்குப் போனார். அமெரிக்கப் பாதிரியாருக்குச் சீனத்தில் பிறந்த பிள்ளை அவர், முப்பத்தொரு வயது, யுத்த முனைகளில் திரிந்த நிருபர். ஜப்பானுக்குப் போகும் முன் கப்பலில் காய்ச்சல் கண்டு படுத்திருந்தார். படிக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டபோது, மாலுமிகள் தோர்ன்டன் வைல்டர் எழுதிய ஒரு நாவலைக் கொண்டுவந்து கொடுத்தனர். பெரு நாட்டில் ஒரு பாலம் அறுந்து விழுகிறது. ஐந்து பேர் சாகிறார்கள். அந்த ஐவரும் எப்படி அந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது கதை. படுக்கையில் கிடந்த ஹெர்சிக்கு அதில் வழி புலப்பட்டது. நகரத்தைப் பற்றி எழுதுவதில்லை. சில மனிதர்களைப் பற்றி எழுதுவது! பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே சொன்ன செய்தி இது.

பலரைக் கண்டு பேசி, ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். தகரத் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை பார்த்த ஒரு பெண். இரண்டு டாக்டர்கள். இரண்டு பாதிரிமார், அவர்களில் ஒருவர் ஜெர்மானியர். ஆறாவதாக, நாகமுரா என்ற தையற்காரரின் விதவை.

அந்த விதவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புருஷன் பட்டாளத்துக்குப் போய்ச் சிங்கப்பூரில் செத்தான். அவன் விட்டுப்போன சொத்து ஒரு தையல் மிஷின். அதை வைத்துத்தான் மூன்று குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். குண்டு விழுந்தது, வீடு சரிந்தது. இடிபாட்டைக் கையால் தோண்டிக் குழந்தைகளை வெளியே இழுத்தாள். தீ நெருங்கி வருகிறது, ஓட வேண்டும். ஓடுவதற்கு முன் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டெதிரே இருந்த சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் அந்தத் தையல் மிஷினை இறக்கி வைத்தாள்!

உழைத்துப் பிழைக்கிற எவனுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உலகம் பற்றி எரியும்போது அவள் காப்பாற்ற நினைத்தது நகையை அல்ல, நாளைய கூலியை. அணுகுண்டின் சக்தியைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய எந்தப் பக்கத்திலும் இந்தச் சிமெண்டுத் தொட்டி இல்லை. ஹெர்சி எழுதினார், அதன் பிறகுதான், எதிரி என்று எண்ணியிருந்த ஜப்பான்காரியின் முகம் அமெரிக்கனுக்குத் தன் அடுத்த வீட்டுக்காரியின் முகமாகத் தெரிந்தது.

எழுதிய விதத்தைப் பாருங்கள். "ஐயகோ!" இல்லை. "கொடியவர்களே!" இல்லை. இன்ன நேரத்தில் இவர் இங்கே இருந்தார், இதைச் செய்தார், பிறகு இப்படி ஆயிற்று என்று, சாட்சிக் கூண்டில் நின்று சொல்வதுபோல் எழுதினார். வேண்டுமென்றே அப்படி எழுதியதாகப் பின்னாளில் விளக்கினார். தாம் இடையே புகுந்து அழுதால் வாசகன் தம் அழுகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். தாம் விலகி நின்றால்தான் அந்த ஆறு பேரையும் நேரே பார்ப்பான் என்பது அவர் கருத்து. மேடையில் குரலை உயர்த்திப் பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் கசக்கும். கசந்தாலும் மருந்து மருந்துதான்.

'நியூயார்க்கர்' என்ற வார இதழ் அது. கேலிச் சித்திரத்துக்கும் சிரிப்புத் துணுக்குக்கும் பேர் போனது. ஹெர்சியின் கட்டுரையைத் துண்டு துண்டாக நான்கு வாரம் போடுவதாகத்தான் முதலில் ஏற்பாடு. துணை ஆசிரியர் வில்லியம் ஷான் வேண்டாமென்றார். ஆசிரியர் ஹாரல்ட் ராஸ் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். 1946 ஆகஸ்டு 31ஆம் தேதி இதழ் முழுவதும் அந்த ஒரே கட்டுரை! அச்சடித்த பிரதிகள் கடைகளில் காலியாயின. வானொலியில் நான்கு இரவுகள் தொடர்ந்து வாசித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: அச்சுக்குப் போகுமுன் அந்தக் கட்டுரை ஜெனரல் க்ரோவ்ஸின் பார்வைக்கே போய், சிறு திருத்தங்களோடு அனுமதி பெற்று வந்தது என்பதை லெஸ்லி புளூம் என்ற எழுத்தாளர் 2020இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். ராணுவ ரகசியம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள் போலும்! தையல்காரியின் கதைதானே, அதில் என்ன ஆபத்து என்று எண்ணியிருப்பார்கள்.

ஆபத்து இருந்தது. அணுகுண்டு தேவைதானா என்ற கேள்வி வலுத்தது. 1947 பிப்ரவரியில், யுத்த மந்திரியாக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் பெயரில் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் நீண்ட சமாதானம் வெளியாயிற்று. குண்டு போடாமல் படையெடுத்திருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் சேதம் ஏற்பட்டிருக்கலாம் என்பது அவர் வாதம். பார்த்தீர்களா! ஆறு பேரின் கதைக்குப் பதில் சொல்ல லட்சக் கணக்கைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

இனி, வேறொரு மனிதர். சிகாகோ நகரத்து ஸ்டட்ஸ் டெர்க்கல். அவர் குடும்பம் நடத்திய விடுதியில் தங்கியவர்களெல்லாம் உழைப்பாளிகள். முன்கூடத்தில் அவர்கள் போட்ட சண்டையையும் சமாதானத்தையும் கேட்டே வளர்ந்தவர். வக்கீல் பட்டம் வாங்கியும் கோர்ட்டு வாசல் மிதிக்கவில்லை. மனுக்களில் கையெழுத்திட்டார் என்பதற்காக 1950களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி வேலை போயிற்று. வானொலிக்கு வந்தார். டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்.

1974இல் அவர் வெளியிட்ட நூலின் பொருள் ஒன்றே ஒன்று: வேலை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் தங்கள் வேலையைப் பற்றித் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். உருக்குத் தொழிலாளி, ஓட்டலில் பரிமாறும் பெண், கார்த் தொழிற்சாலையில் வெல்டிங் செய்பவர், டெலிபோன் நிலையப் பெண், புதைகுழி வெட்டுபவர். தாம் கட்டிய சுவரில் ஒரு கல் கோணலாக இருந்தால், எந்த வீட்டில் எந்த இடத்தில் என்று ஆயுளுக்கும் மறக்காத கல் கொத்தனார் ஒருவர். நூலின் முகப்பில் பேசும் உருக்குத் தொழிலாளியின் ஆசை நம் நெஞ்சைத் தொட்டது. வானளாவிய கட்டடம் ஒன்றின் பக்கச் சுவரில், உச்சி முதல் அடிவரை ஓரடி அகலத்துக்கு ஒரு பட்டை விட்டு, அதில் செங்கல் வைத்தவன், மின்கம்பி இழுத்தவன் என்று வேலை செய்த ஒவ்வொருவன் பெயரையும் பொறிக்க வேண்டுமாம்! தன் பிள்ளையை அழைத்துப் போய், இதோ என் பெயர் என்று காட்டுவதற்கு.

கல்லூரிப் பேராசிரியர் எழுதிய வாசகமல்ல இது. வேலை முடித்துக் களைத்து உட்கார்ந்திருந்த ஒரு மனிதனிடமிருந்து வந்தது. அவனிடம் அதற்கு முன் எவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

டெர்க்கல் தம் தொழில் ரகசியத்தைப் பல முறை சொல்லியிருக்கிறார். அவருக்கு அந்த இயந்திரத்தைச் சரியாக இயக்கத் தெரியாது! தவறான பொத்தானை அழுத்திப் பெரிய மனிதர்களின் பேட்டிகளையே அழித்திருக்கிறார். "ஐயா, சக்கரம் சுற்றவில்லையே" என்று எதிரே இருப்பவரே எடுத்துச் சொல்லிச் சரிசெய்து கொடுப்பாராம். அதிலேயே பேட்டி எடுக்க வந்தவர் பெரியவர், கொடுப்பவர் சிறியவர் என்ற வேறுபாடு ஓடிப்போகுமாம். இன்னொரு சம்பவம். ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் சூழ நின்ற ஒரு தாயிடம் பேசிப் பதிவு செய்தார். குழந்தைகள் கேட்க வேண்டும் என்றனவாம். திருப்பிப் போட்டுக் காட்டினார். தன் குரலைத் தானே கேட்ட அந்தத் தாய் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தனக்குள் இப்படி ஓர் எண்ணம் இருந்ததே இதுவரை தனக்குத் தெரியாது என்றாள்!

நாம் என்ன செய்கிறோம்? தொழிலாளியிடம் போகும்போதே அவன் சொல்ல வேண்டியதை நாமே எழுதி எடுத்துக்கொண்டு போகிறோம். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். கோரிக்கை மனுவுக்கு அது போதும். ஆனால் அவனுக்குள் இருப்பது அவனுக்கே தெரிய வேண்டுமானால், ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நாம் உட்கார வேண்டும். மேடைப் பேச்சாளருக்கு அதைவிடக் கடினமான வேலை உண்டா?

கதை என்ற ஆயுதம் எப்போதும் எய்தவன் குறித்த இடத்தில்தான் பாயும் என்று எண்ணிவிடவும் கூடாது. அப்டன் சின்க்ளேரைக் கேளுங்கள். 1904இல் அதே சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஏழு வாரம் சுற்றித் திரிந்தார். கண்டதை வைத்து அவர் எழுதியது நாவல்தான். ஆனாலும் அடித்தளம் நேரில் பார்த்த செய்தி. தொழிலாளர் ஏடு ஒன்றில் 1905இல் தொடராக வந்து, 1906இல் புத்தகமாயிற்று. விரலை இழந்தவர்கள், நுரையீரல் கெட்டவர்கள், வேலைக்காக விடியுமுன் வாசலில் பனியில் நின்றவர்கள்; இவர்களுக்காகத்தான் எழுதினார். நாடே கொதித்து எழுந்தது. எதற்காக? தட்டில் வந்து விழும் இறைச்சியில் என்ன கலந்திருக்கிறது என்பதற்காக! 1906 ஜூன் 30ஆம் நாள் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டமும் கையெழுத்தாயின. நல்ல சட்டங்கள்தாம். விரலை இழந்தவனுக்கு? மக்களின் நெஞ்சுக்குக் குறிவைத்தேன், அம்பு வயிற்றில் போய்ப் பட்டது என்ற பொருள்பட அவரே நொந்துகொண்டார். வாசகன் கதையில் தன்னைத்தான் தேடுகிறான். தின்பவனாக அவனை உட்கார வைத்தால் தட்டைத்தான் பார்ப்பான்.

இன்னொரு பள்ளமும் வழியில் இருக்கிறது. விழுந்தவர்கள் பெரிய ஆட்கள். கான்சாஸ் மாநிலத்தில் 1959இல் நடந்த ஒரு நால்வர் கொலையைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. நாவல்போல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று அவர் மார்தட்டினார். கடைசியில், இடுகாட்டில் நடப்பதாக வரும் அந்த உருக்கமான காட்சி நடக்கவே இல்லை என்று தெரியவந்தது. அழகான முடிவு வேண்டுமென்று செய்து வைத்துவிட்டார்! ஹெர்சிக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. 1980இல் கபோட்டி, மெய்லர், வுல்ஃப் ஆகிய மூவரையும் எடுத்துவைத்து ஒரு கட்டுரையில் வாட்டினார். செய்தியாளன் கையில் இருக்கும் லைசென்சில் ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு, எதையும் இட்டுக்கட்டக் கூடாது என்பதே அது என்று வாதாடினார்.

நம்மவர்களுக்கு இது மிகத் தேவை. நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பத்து உண்மையோடு ஒரு பொய்யைக் கலந்து பாருங்கள். எதிரி அந்த ஒன்றைத்தான் பிடிப்பான். அதைக் காட்டிப் பத்தையும் பொய்யாக்குவான். உண்மையிலேயே விரல் போனவன் அப்போது எங்கே போய் நிற்பான்?

சரி, ஒரு சொல்லும் கூட்டாமல், கேட்டதைக் கேட்டபடி எழுதினால் தொல்லை இல்லையா? பெலாரஸ் நாட்டு ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சின் அனுபவம் வேறு மாதிரி. யுத்தத்துக்குப் பிறகு ஆண்களே அரிதாகிவிட்ட கிராமத்தில், மாலை வேளைகளில் பெண்கள் கூடி உட்கார்ந்து பேசியதைக் கேட்டு வளர்ந்தவர். எழுத்தாளன் என்பவன் ஒரு பேனா என்று சொன்னவர்கள் உண்டு. தம்மை ஒரு காது என்று சொல்லிக்கொண்டார் இவர், 2015இல் நோபல் பரிசு பெற்றபோது. ஆப்கானிஸ்தான் யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சோவியத் தாய்மார்களிடமும், திரும்பி வந்த சிப்பாய்களிடமும் பேசி ஒரு நூல் செய்தார். துத்தநாகப் பெட்டியில் அடைத்து வந்த பிணங்கள் அவை. திறந்து பார்க்கவும் விடவில்லை. அழுது அழுது தம்மிடம் பேசியவர்களில் சிலரே, பிறகு 1992இல் அவர்மீது மின்ஸ்க் நகரில் வழக்குத் தொடுத்தனர். என் மகன் வீரன். நீ அவனைக் கொலைகாரனாக்கிவிட்டாய் என்றாள் ஒரு தாய்.

யார் பக்கம் நியாயம்? அலெக்சியேவிச் பக்கம்தான் நாம் நிற்கிறோம். ஆனால் அந்தத் தாயை நம்மால் தள்ளிவிட முடியவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான், வீரன் என்ற சொல். யுத்தத்தை நடத்தியவர்கள் அவளுக்குக் கொடுத்த கூலி அது. அதையும் பறித்தால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்வாள்? அலெக்சியேவிச் ஒன்று செய்தார். அந்த வழக்கு நடவடிக்கைகளையும் நூலின் பிற்பதிப்புகளில் சேர்த்துவிட்டார். தம்மை ஏசியவர்களின் வாக்குமூலமும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நம் நாட்டில் பி. சாய்நாத் இந்தத் தொழிலைச் செய்தார். 1990களில் நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் அலைந்து அவர் எழுதியவை 1996இல் புத்தகமாயின. நம் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. பட்டினி சாவாக முற்றும்போது மட்டும் பத்திரிகைகள் ஓடிவருகின்றன, அது நாள்தோறும் நடந்துகொண்டே இருப்பதை எவரும் எழுதுவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அழுகையை மட்டும் அவர் எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறிவொளி இயக்கத்தின் வழியே புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான உழைக்கும் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிவிட்டார்கள். முன்னால் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே, அதனால் இதுவே மேல் என்றார்களாம் சிலர்! கல்லுடைக்கும் பெண்ணின் விடுதலையைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டிருப்போம்? அந்தக் கம்பியைப் பற்றி யார் பேசினோம்?

நாள்தோறும் நடப்பதை எழுது என்றால் எத்தனை நாள் என்று கேட்கத் தோன்றும். ஹெர்சி நாற்பது ஆண்டு காத்திருந்தார். பழைய நூல் உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்தது, பேரும் புகழும் வந்துவிட்டன, சும்மா இருந்திருக்கலாம். 1985இல் மறுபடியும் ஹிரோஷிமாவுக்குப் போய், அந்த ஆறு பேரும் என்ன ஆனார்கள் என்று தேடினார். இருவர் இறந்துவிட்டிருந்தனர். நாகமுரா அம்மாள் இருந்தாள்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்தபோது மிஷின் துருப்பிடித்திருந்தது. உடம்பு ஓய்ந்துபோய் வேலை செய்ய முடியாத நிலை. குண்டினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வைத்திய உதவி தரும் ஜப்பானியச் சட்டம் வந்ததே 1957இல்தான்; அதுவரை டாக்டருக்குக் கைக்காசுதான் கொடுக்க வேண்டும். அவளிடம் காசு இல்லை. மிஷினை விற்றாள். பிறகு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள், மீன் விற்றாள், பத்திரிகைச் சந்தா வசூலித்தாள், பூச்சி உருண்டை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தாள். தன் வாழ்நாளிலேயே மிகத் துயரமான நேரம் எது என்று அவள் எண்ணினாள் என்பதையும் ஹெர்சி குறித்து வைத்திருக்கிறார். குண்டு விழுந்த காலை அல்ல அது. தையல் மிஷினை விற்ற வேளை.